நக்கிள்ஸ் மலையும் நாலந்தா கெடிகேயும்: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

மாத்தளை நகரிலிருந்து கிழக்கே ஏறினால் நக்கிள்ஸ் மலைத்தொடர். வடக்கே தம்புள்ளை வீதியில் இறங்கினால், காட்டோரத்தில் ஒரு பழங்காலக் கற்கோயிலாகிய நாலந்தா கெடிகே. தோட்டங்களிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்கள், மாணவர்களை அழைத்துவரும் ஆசிரியர்கள், வடக்கு கிழக்கிலிருந்து வரும் இளைஞர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

நக்கிள்ஸ் மலைத்தொடர் சரியாக எங்கே இருக்கிறது?

கண்டி, மாத்தளை மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. மகாவலிப் பள்ளத்தாக்கு நடுவே ஓடுவதால், நுவரெலியா பக்கத்து மத்திய மலைகளிலிருந்து இது தனியாகப் பிரிந்து நிற்கிறது. சிங்களத்தில் தும்பர மலைத்தொடர் என்பார்கள். மிக உயர்ந்த சிகரம் கொம்பனிய, 1,906 மீற்றர். மலைத்தொடருக்குப் பெயர் தந்த நக்கிள்ஸ் சிகரம் 1,863 மீற்றர். நுவரெலியாச் சிகரங்களோடு ஒப்பிட்டால் உயரம் குறைவுதான். ஆனால் இங்கே சரிவுகள் திடீரென்று விழுகின்றன, காற்றும் மழையும் ஒரே நாளில் பலமுறை மாறுகின்றன. உயரத்தை வைத்து இந்த மலையை இலேசாக எடைபோட்டு வந்தவர்கள்தான் அதிகம் சிக்கலில் மாட்டுகிறார்கள்.

இது தேசிய பூங்காவா? யாரிடம் அனுமதி எடுப்பது?

தேசிய பூங்கா அல்ல, பாதுகாக்கப்பட்ட வனம். பொறுப்பு வனப் பாதுகாப்புத் திணைக்களத்துடையது. ஹோட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களை நடத்துவது வனசீவராசிகள் திணைக்களம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பும் பாடசாலைகள் உண்டு. பிறகு பயண நாளும் வந்துவிடும், அனுமதி வந்திருக்காது.

5,000 அடிக்கு மேற்பட்ட காடு 1873இலேயே காலநிலை காக்கும் ஒதுக்குவனமாக ஒதுக்கப்பட்டது. 2000இல் மலைத்தொடர் பாதுகாக்கப்பட்ட வனமாயிற்று. 2010இல் ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாதமலை வனம் ஆகியவற்றோடு சேர்த்து, இலங்கையின் மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது.

சாதாரண ஒருநாள் பயணத்துக்கு நுழைவிடத்திலேயே சீட்டு வாங்கலாம். டீன்ஸ்டன், இலுக்கும்புர, பிட்டவல பத்தன ஆகிய இடங்களில் கொடுக்கிறார்கள். காசாகவே கொண்டுபோங்கள், வங்கி அட்டையை நம்ப வேண்டாம். தேசிய அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கூடாரம் அடிக்கவும் நீண்ட பாதைகளில் நடக்கவும் முன்கூட்டியே அனுமதி வேண்டும், வழிகாட்டியும் வேண்டும்.

எந்த மாதத்தில் போவது நல்லது?

மலையின் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேற்குச் சரிவு தென்மேல் பருவக்காற்றில் நனையும், கிழக்குச் சரிவு வாடைக்காற்றில் நனையும். மேற்கில் சில இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றர் வரை பெய்யும், கிழக்கில் அதில் பாதி. ஆகவே ஜூன், ஜூலையில் கண்டியில் மழை பெய்கிறதென்று கிழக்குப் பக்கத்துக் கிராமமான மீமுரேக்குப் பயணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை, அங்கே அப்போது வெயில் காயும். மாறாக, நவம்பர் முதல் ஜனவரி வரை ரிவர்ஸ்டன், இலுக்கும்புர, மீமுரே எல்லாமே ஈரம், எங்கும் வழுக்கும்.

இரண்டு பக்கமும் ஓரளவு காய்ந்திருப்பது பெப்ரவரி, மார்ச். முதல்முறை வருபவர்களுக்கு அதையே சொல்வோம். ஏப்ரலில் பிற்பகல் இடியோடு மழை வரும், அதனால் காலையில் ஏறி பகல் ஒரு மணிக்குள் திறந்த உச்சிகளை விட்டு இறங்கிவிட வேண்டும். ரிவர்ஸ்டன் உச்சியில் மின்னல் நேரத்தில் தொலைத்தொடர்புக் கோபுரத்தின் அருகே ஒதுங்குவது மிக ஆபத்தானது.

எந்த வழியாகப் போவது?

இரண்டு வாசல்கள் உண்டு.

மாத்தளை வாசல்: மாத்தளை, ரத்தோட்டை, ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தன, இலுக்கும்புர என்று ஒரே வீதி போகும். மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் முப்பது கிலோமீற்றரளவு. வளைவுகள் அதிகமென்பதால் ஒன்றேகால் மணி நேரமாவது வையுங்கள். பஸ் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. போகும் பஸ்ஸை விட, திரும்பிவரும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மாத்தளைத் தரிப்பிடத்திலேயே கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

கண்டி வாசல்: மகியங்கனை வீதியில் தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து இடதுபுறம் திரும்பி லூல்வத்த, கோர்பட் கணவாய் வழியாக மீமுரே. ஹுன்னஸ்கிரியவுக்குப் பிறகு வீதி ஒடுக்கம். எதிரே வாகனம் வந்தால் யாராவது ஒருவர் பின்னோக்கி எடுக்க வேண்டும், ஏறி வருபவருக்கு வழிவிடுவது வழக்கம். பெரிய பஸ் எடுத்துக்கொண்டு மீமுரேக்குப் போகவே வேண்டாம்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எரிபொருளை மாத்தளையிலோ தெல்தெனியவிலோ நிரப்பிக்கொள்ளுங்கள்.

மலையையும் கெடிகேயையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். வரிசையை மாற்றாதீர்கள்: காலையில் மலை, மாலையில் கெடிகே. மலையில் காலை பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து முகில் ஏறத் தொடங்கும், பகலில் கையெட்டும் தூரம்கூடத் தெரியாமல் போகலாம். கெடிகேயிலோ நண்பகல் வெயிலில் கல் கொதிக்கும், சிற்பங்களும் தட்டையாகத் தெரியும். பின்னேரச் சாய்வொளியில்தான் செதுக்கல்கள் எழுந்து நிற்கும்.

மாத்தளையில் காலை ஐந்தரைக்குப் புறப்பட்டால் ஏழு மணிக்கு ரிவர்ஸ்டன். உச்சிக்கு நடந்து திரும்ப ஒன்றரை மணி. பிட்டவல பத்தனவுக்கு ஒன்றரை மணி. பதினொன்றுக்கு இறங்கத் தொடங்கினால் ஒரு மணிக்குள் மாத்தளை. சாப்பிட்டு, சற்று இளைப்பாறி, தம்புள்ளை வீதியில் 25 கிலோமீற்றரளவு போனால் மூன்று மணிக்குக் கெடிகே. நீர்வீழ்ச்சி ஒன்றையும் இதற்குள் திணிக்கப் பார்த்தால் எதையும் உருப்படியாகப் பார்க்க முடியாது.

பிட்டவல பத்தனவில் நடைபாதையை விட்டு விலகக்கூடாது என்கிறார்களே, வெறும் புல்வெளிதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் புல்வெளி. குனிந்து பாருங்கள்: புல்லுக்குக் கீழே மண் விரலளவு ஆழம்கூடப் பல இடங்களில் இல்லை, அதற்குக் கீழே பாறைத் தளம். அந்த மெல்லிய மண்ணைப் பிடித்து வைத்திருப்பது புல்லின் வேர்ப்பின்னல் மட்டும்தான். ஒரே இடத்தில் நூறு சப்பாத்துகள் மிதித்தால் வேர் அறும். அடுத்த மழை அந்த மண்ணைக் கழுவிக்கொண்டு போகும். பிறகு அங்கே புல் முளைக்க மண்ணே இருக்காது. நடைபாதையின் இருபுறமும் வழுக்கையாகத் தெரியும் பாறைத் திட்டுகள் சில இப்படி உண்டானவைதான்.

இன்னொரு காரணம், தண்ணீர் கசியும் பாறையில் ஒட்டி வாழும் ஒரு தவளை. பளிங்குக்கல்லைப் போல் புள்ளிகள் கொண்டது, உடல் தட்டையானது, பாறை வெடிப்புக்குள் நுழைந்துகொள்ளும். நக்கிள்ஸ் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அதன் தலைப்பிரட்டைகள் குளத்தில் நீந்துவதில்லை, ஈரப்பாறையின் மேல் படர்ந்திருக்கும் மெல்லிய நீர்ப்படலத்திலேயே வளர்கின்றன. அந்தப் பாறையில் காலை வைத்தால் எத்தனை நசுங்கின என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அந்த நீரில் சவர்க்காரம் கலந்தாலும் அவை பிழைக்காது.

பத்தனவின் விளிம்பில்தான் சிறிய உலக முடிவு என்று சொல்லப்படும் செங்குத்துப் பள்ளம். வீதியிலிருந்து ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த நடை. விளிம்பில் காற்று பின்னாலிருந்து தள்ளும் நாட்கள் உண்டு. படம் எடுக்கும்போது விளிம்புக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம். பிள்ளைகளைக் கையைப் பிடித்தே கூட்டிச் செல்லுங்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?

கடிக்காமல் பார்ப்பது ஒன்று, கடித்தபின் எடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே மருந்தில்லை.

கடிக்காமல் இருக்க: நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, அதன்மேல் சவர்க்காரத்தை ஈரமாக அழுத்தித் தேயுங்கள், அல்லது உப்புத் தண்ணீரில் காலுறையை ஊறவைத்துக் காயவிட்டு அணியுங்கள். மழையில் கழுவுப்பட்டுவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தேய்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்று கதைப்பதைத் தவிருங்கள். வரிசையில் முன்னால் போகிறவரை விட நடுவிலும் பின்னாலும் போகிறவரையே அட்டை அதிகம் பிடிக்கும், முதல் காலடி அதிர்விலேயே அவை எழுந்துவிடும்.

கடித்தபின்: தீக்குச்சி, உப்பு எதுவும் வேண்டாம். அவற்றால் அட்டை வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கும், அது புண்ணாகும். ஒடுங்கிய வாய்ப்பக்கத்தைக் கண்டுபிடித்து, நகத்தைத் தோலோடு ஒட்டிப் பக்கவாட்டில் தள்ளுங்கள், விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருக்கும் என்பதால் கசிவு நீண்ட நேரம் நிற்காது. பயப்பட வேண்டாம். கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் மழை நாளில் காட்டுப்பாதையைத் தவிர்ப்பது நல்லது.

குளவி, பாம்பு, யானை?

இவற்றில் உண்மையான கவலை குளவியும் மலைத்தேனீயும்தான். கொழுந்து பறிப்பவர்களுக்குக் குளவிக்கொட்டு எவ்வளவு கொடியது என்று சொல்லத் தேவையில்லை. பாறை முகட்டின் அடியில் கறுப்புத் தட்டுகளாகத் தொங்குவது மலைத்தேன்கூடு. அதற்குக் கீழே சத்தம், புகை, கல்லெறி எதுவும் கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வராதீர்கள். கலைந்துவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், கையை வீசி அடிக்காதீர்கள், தண்ணீருக்குள் மூழ்கிக்கொள்ளவும் வேண்டாம், அவை மேலேயே காத்திருக்கும். பல கொட்டுகள் பட்டவரையும் மூச்சுத் திணறுபவரையும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

பாம்புகளில், உலர்ந்த சருகின் நிறத்திலேயே கிடக்கும், மூக்கு நுனி தூக்கிய சிறு விரியனைத்தான் கவனிக்க வேண்டும். அதன் கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சருகுக்குள் கையை விடாதீர்கள், விழுந்த மரத்தைத் தாண்டும்போது மறுபக்கம் பார்த்துவிட்டுக் காலை வையுங்கள். கடித்தால் கீறவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். கடிபட்ட காலை அசைக்காமல் மாத்தளை அல்லது கண்டி அரச வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

யானை உயர்ந்த பகுதிகளில் பிரச்சினையல்ல. வடகிழக்கே மலை இறங்கி வஸ்கமுவ பக்கம் போனால் யானை நடமாடும் பிரதேசம், இருட்டுவதற்குள் வெளியேறிவிடுங்கள்.

ஓணான், பல்லிகளைப் பிடித்தால் தண்டனை உண்டா?

உண்டு, கடுமையாகவே. மூக்கில் இலைபோன்ற முனை கொண்ட ஓணானும், தும்பரக் குட்டை ஓணானும் இந்த மலைக்கு மட்டுமே உரியவை. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்படுவதால் 2019இல் இரண்டுமே சர்வதேச வணிகம் தடைசெய்யப்பட்ட உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. படம் எடுத்தாலும், எடுத்த இடத்தைத் துல்லியமாக முகநூலில் போடாதீர்கள். கடத்துபவர்கள் அதைப் பார்த்துத்தான் வருகிறார்கள்.

அருவிகளில் குளிக்கலாமா?

பம்பரகிரி எல்லவும் சேர எல்லவும் எல்லோருக்கும் பிடித்த இடங்கள். சேர எல்லவில் நீர்த்திரைக்குப் பின்னால் குகைபோன்ற இடத்தில் நின்று பார்க்கலாம். விழும் நீருக்கு நேர் கீழே உள்ள குழியில் இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே சுழல் இழுக்கும், பாறையும் பாசி பிடித்தது. நீச்சல் தெரிந்த இளைஞர்களும் இப்படி உயிரை விட்டிருக்கிறார்கள்.

உங்கள் தலைக்கு மேல் வெயில் காய்ந்தாலும் உச்சியில் மழை பெய்திருக்கலாம். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் தடித்தால், துணிமணியைத் தேடாமல் கரையேறுங்கள். வெள்ளம் வந்து சேரச் சில நிமிடங்களே எடுக்கும்.

மண்சரிவு அபாயம் எப்படி அறிவது?

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தம், சிவப்பு என்றால் வெளியேற்றம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் முதல் கட்டம், 100 தாண்டினால் இரண்டாவது, 150 தாண்டினால் மூன்றாவது. ரத்தோட்டை, உக்குவளை, உடுதும்பர பிரிவுகளில் மஞ்சள் வந்தாலே பயணத்தை ஒத்திவையுங்கள். வேனுக்குக் கட்டிய முற்பணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனை உயிர்களைக் கொண்டுபோனதென்று எல்லோருக்கும் தெரியும். அப்படிச் சரிந்த மலைப்பகுதிகள் அடுத்தடுத்த மழைகளில் மறுபடியும் நகரக்கூடும். பழைய பயணக் குறிப்பில் உள்ள வீதி இப்போதும் அப்படியே இருக்கிறதென்று எண்ணாமல், புறப்படும் முன் வன அலுவலகத்திலோ உள்ளூர்ப் பொலிசிலோ கேளுங்கள்.

கூடாரம், அடுப்பு, தீ?

கூடாரம் ஒதுக்கப்பட்ட இடங்களில் மட்டும். தீ மூட்டுவது அறவே கூடாது. ஓகஸ்ட், செப்டெம்பரில் கிழக்குச் சரிவின் மானாப்புல் காய்ந்து பஞ்சுபோல் இருக்கும், ஒரு சிகரெட் துண்டு போதும். புல் எரிந்த நிலத்தில் திரும்ப முதலில் வருவது புல்லல்ல. வேற்று நாட்டிலிருந்து வந்து பரவிய புதர்ச் செடிகள் முந்திக்கொள்கின்றன. அவற்றின் விதை சப்பாத்துச் சேற்றில் ஒட்டியே அடுத்த மலைக்குப் போகிறது. ஆகவே நுழையும் முன்னும் வெளியேறிய பின்னும் சப்பாத்தின் அடியை ஒரு பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு, செய்ய ஆகும் நேரமோ இரண்டு நிமிடம்.

காட்டுக்குள் ஏலக்காய்ச் செடிகள் இருக்கின்றனவே, அது எப்படி?

பல ஆண்டுகள் இந்தக் காட்டின் நிழலில் ஏலம் பயிரிட்டார்கள். பெரிய மரங்களை வெட்டவில்லை, ஆகவே பார்ப்பதற்குக் காடு காடாகவே இருந்தது. ஆனால் ஏலத்துக்கு இடம் வேண்டி அடியில் முளைக்கும் கன்றுகளையெல்லாம் களைபோல் வெட்டினார்கள். தாய்மரம் முதிர்ந்து விழுந்தபோது அதன் இடத்தைப் பிடிக்க இளமரம் இல்லை. பறித்த காயை உலர்த்தும் சூளைக்கு விறகும் காட்டிலிருந்தே போயிற்று. அடி வெளிச்சமாகி மண்ணும் காய்ந்தது. இப்போது செய்கை தடைசெய்யப்பட்டும் செடிகள் தானாகவே நிற்கின்றன. பாதையோரத்தில் காய் தெரிந்தாலும் பறிப்பது குற்றம்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், உச்சிக் காட்டின் வேலை மழையை வாங்குவது மட்டுமல்ல. மழையே இல்லாத நாளிலும் அங்குள்ள மரங்களின் பாசி முகிலிலிருந்து ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே விடுகிறது. ஹுலு கங்கை, ஹீன் கங்கை, களு கங்கை, தெல்கமு ஓயா எல்லாம் இங்கே ஊறி மகாவலிக்கும் அம்பன் கங்கைக்கும் போகின்றன. பொலன்னறுவையில் வயலுக்குப் பாயும் தண்ணீரில் இந்த மலையின் பங்கு உண்டு.

நாலந்தா கெடிகே எவ்வளவு பழையது?

8ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று கணிக்கிறார்கள். முழுவதும் கல். கருவறை, இடைகழி, முன்மண்டபம் என்ற அமைப்பு தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்த்த கண்ணுக்கு உடனே புரியும். மாமல்லபுரத்துப் பல்லவர் கட்டடங்களோடு இதை ஒப்பிடுவது அதனால்தான். சிறிய கட்டடம். வாகனத்திலிருந்து இறங்கி ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு "இவ்வளவுதானா" என்று திரும்புகிறவர்களைக் காணும்போது மனம் வருந்துகிறது.

அப்படியானால் அது சிவன் கோயிலா, பௌத்த விகாரையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி, சூடாகவும் கேட்கப்படும் கேள்வி. கட்டடக் கலை திராவிடம். வழிபாடு பௌத்தம், அதிலும் மகாயான, தாந்திரிகச் சாயல் கொண்டது என்பதே ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. அருகே தாதுகோபத்தின் எச்சமும் இருக்கிறது. உள்ளே இருப்பது புத்தர் சிலை.

கட்டிய முறையை மட்டும் வைத்து யாருடைய தெய்வம் உள்ளே இருந்தது என்று சொல்லிவிட முடியாது. பொலன்னறுவையில் இரண்டாம் சிவதேவாலயம் என்று வழங்கும் சோழர் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு, வானவன்மாதேவி ஈச்சரம் என்ற பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது, ஆகவே ஐயமில்லை. நாலந்தாவில் பேசுவது கல்லின் வடிவம். அது சொல்வதும் சிறிய செய்தியல்ல: ஒரு பௌத்த ஆலயத்தைத் தென்னிந்தியக் கோயில் மரபில் எழுப்பும் அளவுக்குச் சிற்பிகளும் எண்ணங்களும் கடலைக் கடந்து இந்த மலையடிவாரம் வரை வந்து போயிருக்கின்றன. சண்டைக்கு ஆதாரம் தேடி வருபவருக்கு அந்தச் சிறப்பு கண்ணில் படாது.

எதை, எப்படிப் பார்ப்பது?

கீழிருந்து மேலே பாருங்கள். முதலில் அதிட்டானம், அதாவது அடித்தளம்: அடுக்கடுக்கான கல் வரிகள். தென்புற அடிப்பகுதியில் தாந்திரிக மரபைச் சேர்ந்த காமச் சிற்பம் ஒன்று தேய்ந்த நிலையில் இருக்கிறது, மாணவர்களோடு வரும் ஆசிரியர்கள் இதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. அடுத்து சுவர்: வெறும் சுவராக விடாமல் அரைத்தூண்களால் பிரித்திருப்பார்கள். அதற்கு மேல் குதிரை இலாட வடிவக் கூடுகள். மேலே சிகரத்தில், தென்புறம் பார்த்த கூட்டுக்குள் குபேரன் அமர்ந்திருக்கிறான். தொலைநோக்கி இருந்தால் கொண்டுவாருங்கள், வெறுங்கண்ணுக்கு அந்த உருவம் முழுதாகப் பிடிபடாது.

கல்லின் நிறத்தையும் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துக் கற்கள் வேறு வேறு அளவில் தேய்ந்திருக்கும். ஒரு சிற்பத்தின் தோள் கூர்மையாக இருக்க, அடுத்த கல்லில் தொடரும் கை மழுங்கிப் போயிருக்கும்.

அதை இடம் மாற்றிக் கட்டியது உண்மையா?

உண்மை. மகாவலித் திட்டத்தில் பொல்கொல்லையிலிருந்து திருப்பிய நீர் போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்கு வந்தபோது, தாழ்ந்த வயல்வெளியில் இருந்த பழைய இடம் நீரில் மூழ்கும் நிலை. 1980களை ஒட்டி முழுக் கட்டடத்தையும் கல் கல்லாகக் கழற்றி, உயர்ந்த இடத்தில் அதே ஒழுங்கில் அடுக்கினார்கள். நீங்கள் இப்போது நடந்து போகும் கரையும் சுற்றியுள்ள நீரும் அந்த மாற்றத்தின் விளைவு. ஆகவே கற்கள் பழையவை, நிற்கும் இடம் புதியது. மூட்டுகளில் விரலை விடுவதும் மேலே ஏறுவதும் ஒரு கோயிலுக்கு இரண்டாம் முறை செய்யும் கேடு.

அங்கே கடைப்பிடிக்க வேண்டியவை?

சப்பாத்தும் தொப்பியும் கழற்ற வேண்டும். வெயில் நேரத்துக்குத் தடித்த காலுறை கொண்டுபோங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்காதீர்கள். சுண்ணாம்போ சோக்கட்டியோ கொண்டு எழுத்துகளைத் தேய்த்துப் பார்ப்பதும் தொல்பொருள் சட்டப்படி குற்றம்தான். ட்ரோன் பறக்கவிட சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதியோடு தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். மலையில் என்றால் வனத் திணைக்களத்திடம் கேட்க வேண்டும்.

மலையகத் தமிழர் வரலாற்றோடு இந்த வழிக்குத் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தா தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்தார்கள். காய்ச்சலும் வாந்திபேதியும் வழி நெடுகப் பலரைக் கொண்டுபோயின. ரயில் மாத்தளைக்கு வந்தது 1880இல்தான். இந்த மலையின் கீழ்ச்சரிவுகளில் கோப்பி போட்டவர்களும், 1869இல் நாட்டில் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவர்களும் அவர்கள்தான், அவர்கள் பிள்ளைகள்தான். ரத்தோட்டை, கம்மடுவை, ரங்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் அந்த வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள். நாலந்தாவிலிருந்து மாத்தளைக்கு ஏசி வேனில் நாற்பது நிமிடம் போகும்போது, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். பாடப் புத்தகத்தில் இது சில வரிகளோடு முடிந்துவிடுகிறது.

வழியில் வேறு என்ன பார்க்கலாம்?

மாத்தளைக்கு வடக்கே மூன்று கிலோமீற்றரளவில் அலுவிகாரை. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்ட குகை விகாரை. நகரில் முத்துமாரியம்மன் கோயில், இராஜகோபுரம் 108 அடி. மாசிமகத்தில் ஐந்து தேர் இழுப்பார்கள். தேரைப் பார்க்க விரும்பினால் அந்த நாளில் வாருங்கள், மலைக்குப் போக விரும்பினால் அந்த நாளைத் தவிருங்கள். நகருக்குள் வாகனம் அசையாது.

சிவனொளிபாதமலை, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ்: எதை முதலில்?

யாத்திரை என்றால் 2,243 மீற்றர் சிவனொளிபாதமலை. டிசெம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைதான் பருவம். முதியவர்களோடு திறந்த சமவெளியில் நடக்க வேண்டுமானால் ஹோட்டன், பாதை தெளிவானது. காட்டையும் கிராமத்தையும் பழங்கோயிலையும் ஒரே சுற்றில் சேர்க்க நினைத்தால் நக்கிள்ஸ்.

முதியோரும் சிறு பிள்ளைகளும் வரலாமா?

பிட்டவல பத்தன, கெடிகே இரண்டும் தாராளமாக. ரிவர்ஸ்டன் உச்சிப் பாதை ஏற்றம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் கடினம். கோபுரப் பாதையில் காற்று பலமாக அடிக்கும் நாளில் கைக்குழந்தையோடு ஏற வேண்டாம்.

என்ன கொண்டுபோவது?

ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர், மீள்நிரப்பும் போத்தலில். நீர்ச்சத்துப் பொடி இரண்டு பக்கெட். குடையை விட மழையங்கி நல்லது, காற்றில் குடை நிற்காது. அடிப்பிடி தேயாத சப்பாத்து, மாற்றுக் காலுறை, டோர்ச், விசில், ஒரு கம்பளிச் சட்டை. சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச்சம்பலும் வாழையிலையில் கட்டுங்கள். சோற்றுப் பார்சல் வேனுக்குள் வெந்து பிற்பகலுக்குள் புளித்துவிடும், அதன் பொலித்தீனும் காட்டுக்குள் தங்கிவிடும். பிஸ்கட் உறைகளைக் கூட நுழைவிடத்தில் எண்ணிப் பார்ப்பார்கள், ஒரு துணிப்பைக்கு மாற்றிக் கொண்டுபோனால் நேரம் மிச்சம்.

பாதை தவறிவிட்டால்?

முகில் மூடியதும் நில்லுங்கள். ஓடையைப் பிடித்துக்கொண்டு இறங்கினால் ஊர் வரும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அருவி விளிம்பில் போய் நிற்கிறார்கள், இந்த மலையில் ஓடைகள் படிபோல் இறங்குவதில்லை, பாறையோடு அறுந்து விழுகின்றன. கடைசியாகப் பாதை தெளிவாக இருந்த இடத்துக்குத் திரும்புங்கள், முடியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். விசிலை மூன்று மூன்று முறையாக ஊதுங்கள். தொலைத்தொடர்புக் கோபுரத்தின் பக்கம் முகம் பார்த்த திறந்த மேட்டில் தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்க வாய்ப்பு அதிகம், பள்ளத்தில் கிடைக்காது. பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. எந்த வாசலால் நுழைந்தீர்கள், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள், பிறகு அழைப்பு அறுந்தாலும் தேடத் தொடங்கிவிடுவார்கள்.